ஹாரியட் பவர்ஸ்

ஹாரியட் பவர்ஸ் (அக்டோபர் 29, 1837 - ஜனவரி 1, 1910) ஐக்கிய அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கத் தையற் கலைஞர் ஆவார். அடிமையாகப் பிறந்த இவர், விவிலியக் கதைகளையும் வானில் நிகழ்ந்த வியப்புகளையும் துணித் துண்டுகளால் சித்தரித்து மெத்தைப் போர்வைகள் தைத்தவர். இவர் தைத்தவற்றுள் இரண்டு போர்வைகள் மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. ஒன்று வாசிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திலும், மற்றொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தையற் கலையின் தலைசிறந்த படைப்புகளாக இவை கருதப்படுகின்றன.

பவர்ஸ் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை ஏதென்ஸ் நகரைச் சுற்றியுள்ள கிராமப்புறத்திலேயே கழித்தார். அவருடைய போர்வைகளோ கண்காட்சிகளுக்கும் தொலைதூர நகரங்களுக்கும் பயணம் செய்தன. போர்வைகள் புகழ்பெற்ற பின்னரும் அவற்றைத் தைத்தவரைப் பற்றிய செய்திகள் நீண்ட காலம் அறியப்படாமலும் பிழையாகவும் இருந்தன. அவர் எழுதிய ஒரு கடிதமும் அவருடைய கல்லறையும் கண்டறியப்பட்ட பின்னரே அவரது வாழ்க்கை வரலாறு ஓரளவு தெளிவடைந்தது.

பிறப்பும் அடிமை வாழ்வும்

ஹாரியட் 1837ஆம் ஆண்டு ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகருக்கு அருகில் மேடிசன் மாவட்டத்தில் பிறந்தார். இளமையில் இவர் லெஸ்டர் குடும்பத்தினரின் பண்ணையில் அடிமையாக இருந்ததாகக் கருதப்படுகிறது. அக்காலத்தில் அடிமைகளின் பெயர்களோ குடும்ப விவரங்களோ முறையாகப் பதிவு செய்யப்படுவதில்லை. உடைமைப் பட்டியல்களில் கால்நடைகளுடனும் கருவிகளுடனும் சேர்த்தே அவர்கள் எண்ணப்பட்டனர். இதனால் இவருடைய பெற்றோரைப் பற்றியும் குழந்தைப் பருவத்தைப் பற்றியும் கிடைக்கும் செய்திகள் மிகக் குறைவு.

ஜார்ஜியா மாநிலத்தில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதை 1829ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. எனினும் பண்ணை உரிமையாளரின் பிள்ளைகளுடைய உதவியால் தாம் படிக்கக் கற்றுக்கொண்டதாகப் பவர்ஸ் பிற்காலத்தில் எழுதியுள்ளார். தையற்கலையை யாரிடம் கற்றார் என்பதற்குப் பதிவு இல்லை. பண்ணைகளில் அடிமைப் பெண்கள் உரிமையாளரின் வீட்டுக்கும் தம் குடும்பத்துக்கும் துணி நெய்வதும் தைப்பதும் வழக்கமாக இருந்தது.

1855ஆம் ஆண்டு இவர் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒன்பது பிள்ளைகள் பிறந்தனர். 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில், அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அப்போது ஹாரியட்டுக்கு வயது 28.

விடுதலைக்குப் பின்

1870ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆர்ம்ஸ்டெட் பண்ணைத் தொழிலாளியாகவும், ஹாரியட் இல்லத்தைக் கவனிப்பவராகவும் பதிவாகியுள்ளனர். 1880களில் இக்குடும்பம் நான்கு ஏக்கர் நிலத்தைச் சொந்தமாக வைத்திருந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களில் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் பங்குக்குப் பயிரிட்டு வாழ்ந்த அக்காலத்தில், சொந்த நிலம் என்பது அரிய பேறாகும்.

இந்த நிலை நீடிக்கவில்லை. 1890களின் தொடக்கத்தில் குடும்பம் பணநெருக்கடிக்கு உள்ளாகி, நிலத்தைப் பகுதி பகுதியாக விற்றது. வரி செலுத்தவும் இயலாமற் போயிற்று. ஏறத்தாழ 1895ஆம் ஆண்டில் ஆர்ம்ஸ்டெட் குடும்பத்தை விட்டுப் பிரிந்து சென்றார். அதன்பின் ஹாரியட் தையல் வேலை செய்து தம் வாழ்க்கையை நடத்தினார்.

தையல் முறை

மெத்தைப் போர்வை (குவில்ட்) என்பது மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேல் துணி, நடுவில் பஞ்சு, அடியில் மற்றொரு துணி ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து நெடுகத் தையலிட்டு இது உருவாக்கப்படுகிறது. மேல் துணியைப் பல துண்டுகளை இணைத்து அமைப்பது ஒரு முறை. முழுத் துணியின் மேல் வேறு துணியில் வெட்டிய உருவங்களை வைத்துத் தைப்பது ஒட்டுத்தையல் (அப்ளிக்) எனப்படும் மற்றொரு முறை.

பவர்ஸ் தம்முடைய படப் போர்வைகளுக்கு ஒட்டுத்தையல் முறையையே கையாண்டார். மனிதர், விலங்கு, விண்மீன், சிலுவை முதலிய உருவங்களைப் பருத்தித் துணியிலிருந்து வெட்டி, அவற்றைப் பின்னணித் துணியில் பொருத்தினார். கைத்தையலுடன் தையல் இயந்திரத்தையும் பயன்படுத்தினார். இவருடைய உருவங்களில் முகக்குறிகள் அதிகம் இல்லை. கைகளின் நிலை, உடலின் சாய்வு, ஓர் உருவம் மற்றோர் உருவத்துக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பவற்றாலேயே கதை சொல்லப்படுகிறது.

விவிலியப் போர்வை

எஞ்சியுள்ள இரண்டில் முந்தியது 'விவிலியப் போர்வை' என்று அழைக்கப்படுகிறது. இது ஏறத்தாழ 1885-86ஆம் ஆண்டுகளில் தைக்கப்பட்டது. இதன் அளவு ஏறத்தாழ 191 செ.மீ. x 227 செ.மீ. ஆகும். பதினொரு கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட இப்போர்வையில் 299 துணித் துண்டுகள் உள்ளதாகக் கணக்கிட்டுள்ளனர்.

ஆதாமும் ஏவாளும் தோட்டத்தில் இருக்கும் காட்சியில் இது தொடங்குகிறது. அக்கட்டத்தில் உள்ள பாம்புக்குக் கால்கள் இருப்பதைக் காணலாம். விவிலியத்தின்படி, ஊர்ந்து செல்லுமாறு பாம்பு சபிக்கப்பட்டது ஏவாளை ஏமாற்றிய பின்னரே ஆகும். அதற்கு முந்தைய நிலையைப் பவர்ஸ் கவனத்துடன் காட்டியுள்ளார். காயீன் ஆபேலைக் கொல்லுதல், யாக்கோபின் கனவு, இயேசுவின் திருமுழுக்கு, சிலுவையில் அறையப்படுதல், இறுதி இராவுணவு, திருக்குடும்பம் ஆகியவை பிற கட்டங்களுட் சில.

இறுதி இராவுணவுக் காட்சியில் சீடர்களின் எண்ணிக்கை ஏழாகக் குறைக்கப்பட்டுள்ளது. யூதாஸ் மட்டும் மற்றவர்களிலிருந்து வேறுபட்ட மங்கிய நிறத் துணியில் அமைக்கப்பட்டுள்ளார். யூதாஸ் பெற்ற முப்பது வெள்ளிக் காசுகளைக் காட்டும் கட்டத்தில் ஒரு பெரிய விண்மீனும் இடம்பெறுகிறது. அது 1886ஆம் ஆண்டு தோன்றிய விண்மீன் என்று பவர்ஸ் விளக்கினார். விவிலியக் காலத்தையும் தம் சொந்தக் காலத்தையும் ஒரே துணியில் இணைக்கும் இவ்வழக்கம் அவருடைய அடுத்த போர்வையில் மேலும் விரிவடைந்தது.

கண்காட்சியும் விற்பனையும்

1886ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற பருத்திக் கண்காட்சியில் விவிலியப் போர்வை பார்வைக்கு வைக்கப்பட்டது. அதைக் கண்டவர்களுள் ஜென்னி ஸ்மித் என்பவரும் ஒருவர். இவர் வெள்ளையினப் பெண்களுக்கான லூசி காப் கல்விக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். பாரிஸ் நகரில் ஓவியம் பயின்றவர். தாம் அதுவரை கண்டிராத வகையில் அமைந்த அப்போர்வையை யார் தைத்தது எனத் தேடிச் சென்று பவர்ஸைச் சந்தித்தார். போர்வையை விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் தருவதற்கில்லை என்று பவர்ஸ் மறுத்துவிட்டார்.

சில ஆண்டுகளுக்குப் பின் குடும்பத்தில் வறுமை ஏற்படவே, போர்வையை விற்கத் தயார் என்று பவர்ஸ் சொல்லியனுப்பினார். அப்போது ஸ்மித்திடம் போதிய பணம் இல்லை. பின்னர் 1890ஆம் ஆண்டையொட்டி ஸ்மித் தாமே ஆளனுப்பி, இன்னும் விற்கும் எண்ணம் உண்டா என்று கேட்டார். பவர்ஸ் தம் கணவருடன் மாட்டுவண்டியில் வந்தார். போர்வை மாவுச் சாக்கில் சுற்றப்பட்டு, அதன்மேல் மற்றொரு சாக்கும் சுற்றப்பட்டு, அவருடைய மடியில் இருந்தது.

பவர்ஸ் கேட்ட விலை பத்து டாலர். ஸ்மித் ஐந்து டாலருக்கு மேல் தர இயலாது என்றார். பவர்ஸ் வெளியே சென்று கணவருடன் கலந்து பேசினார். காலம் கடினமாக இருப்பதால் கிடைப்பதைப் பெற்றுக்கொள்வதே நல்லது என்று அவர் கூறவே, போர்வை ஐந்து டாலருக்குக் கைமாறியது.

போர்வையை ஒப்படைக்குமுன் பவர்ஸ் ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் ஸ்மித்துக்கு விளக்கிச் சொன்னார். ஸ்மித் அவ்விளக்கங்களை எழுதி வைத்தார். பதினொரு கட்டங்களையும் பவர்ஸ் எவ்வாறு புரிந்துகொண்டார் என்பது இன்று தெரிவதற்கு இப்பதிவே காரணம். அதன்பின் பவர்ஸ் பல முறை ஸ்மித்தின் வீட்டுக்கு வந்து தம் போர்வையைப் பார்த்துச் சென்றார் என்பதும் ஸ்மித்தின் குறிப்புகளால் அறியப்படுகிறது.

ஸ்மித்தின் பதிவு பெருமதிப்புடையது என்றாலும், அது ஒரு வெள்ளையினப் பெண் தம் கண்ணோட்டத்தில் எழுதியது என்பதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். விலை பேசப்பட்ட முறையும் நமக்கு வாங்கியவரின் வாய்மொழியாகவே கிடைத்துள்ளது.

அட்லாண்டா கண்காட்சி

1895ஆம் ஆண்டு செப்டம்பர் 18 முதல் டிசம்பர் 31 வரை அட்லாண்டா நகரில் 'பருத்தி மாநிலங்களின் பன்னாட்டுக் கண்காட்சி' நடைபெற்றது. ஆப்பிரிக்க அமெரிக்கரின் உழைப்பையும் கலையையும் காட்டுவதற்கென அங்கு ஒரு தனிக் கட்டடம் அமைக்கப்பட்டது. கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாசிங்டன் தம் புகழ்பெற்ற அட்லாண்டா உரையை நிகழ்த்தியது இக்கண்காட்சியின் தொடக்க விழாவிலேயே ஆகும். ஸ்மித் தம்மிடமிருந்த விவிலியப் போர்வையை இக்கண்காட்சிக்கு அனுப்பினார்.

போர்வையைக் கண்டவர்களுள் அயோவா மாநிலத்தின் கியோக்கக் நகரைச் சேர்ந்த லொரீன் டைவர் என்பவரும் ஒருவர். இவருக்கு 1896ஆம் ஆண்டில் பவர்ஸ் ஒரு கடிதம் எழுதினார். இக்கடிதத்தின் செய்தி நூறாண்டுகளுக்கு மேல் வெளியுலகுக்குத் தெரியாமல் இருந்தது.

படப் போர்வை

இரண்டாவது போர்வை 'படப் போர்வை' எனப்படுகிறது. இது 1895-98ஆம் ஆண்டுகளில் தைக்கப்பட்டது. 175 செ.மீ. x 267 செ.மீ. அளவுள்ள இதில், வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசைகளில் பதினைந்து கட்டங்கள் உள்ளன. யோபு, மோசே, யோனா, யோவான் ஆகியோர் பற்றிய விவிலியக் காட்சிகளுடன், மக்கள் நினைவில் நின்ற இயற்கை நிகழ்வுகளும் இதில் இடம்பெறுகின்றன. அவற்றுட் சில:

- 1780 மே 19: அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் நண்பகலில் இருள் சூழ்ந்த நாள். காட்டுத்தீயின் புகையே இதற்குக் காரணம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன.
- 1833 நவம்பர் 13: விண்மீன்கள் மழைபோல் உதிர்ந்த இரவு. இது லியோனிட் எரிகல் பொழிவு ஆகும். போர்வையின் நடுக்கட்டம் இதுவே.
- 1846: வானம் செந்நிறமாக ஒளிர்ந்ததாகக் கூறப்பட்ட இரவு.
- 1895 பிப்ரவரி: மனிதரும் விலங்குகளும் உறைந்து மடிந்த கடுங்குளிர் நாள்.

இவற்றுள் முதல் இரண்டும் பவர்ஸ் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தவை. எரிகல் பொழிவைக் கண்டவர்கள் உலகம் முடியப்போகிறது என்று அஞ்சினர். தென்மாநில அடிமை மக்களிடையே அந்த இரவு ஆண்டுக் கணக்கைக் குறிக்கும் அடையாளமாகவே நிலைத்தது. பிறந்த ஆண்டு எழுதி வைக்கப்படாதவர்கள், விண்மீன் உதிர்ந்த இரவுக்கு முன்னோ பின்னோ எனத் தம் வயதைக் கணக்கிட்டனர். பவர்ஸின் கட்டத்தில் அந்த இரவில் உதிரும் விண்மீன்களுக்கிடையே இறைவனின் கை ஒன்று நீண்டிருக்கிறது. விண்மீன்களைத் தடுத்து நிறுத்திய கை அது என்பது அவருடைய விளக்கம்.

மற்றொரு கட்டத்தில், இறைவனைப் பற்றிக் கற்பிக்கப்படாத செல்வர் இருவருடன் பெட்ஸ் என்னும் பன்றி ஒன்று காட்டப்பட்டுள்ளது. இது ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு 500 மைல் ஓடிய பன்றி என விளக்கக் குறிப்பு கூறுகிறது. வடக்கு நோக்கி ஓடிய இப்பன்றியை, தப்பியோடிய அடிமைகளின் குறியீடாகச் சில ஆய்வாளர்கள் காண்கின்றனர்.

அட்லாண்டா பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவியர் இப்போர்வையைத் தைத்துத் தருமாறு கேட்டுக்கொண்டனர் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. 1898ஆம் ஆண்டு இது சார்லஸ் கத்பர்ட் ஹால் என்பவருக்குப் பரிசாக அளிக்கப்பட்டது. இவர் நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரித் தலைவரும் அட்லாண்டா பல்கலைக்கழக அறங்காவலருமாவார். 1902-03ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலும் இலங்கையிலும் சொற்பொழிவுகள் ஆற்றியவர் இவரே.

இறுதிக் காலம்

1897ஆம் ஆண்டையொட்டி ஏதென்ஸ் ஒளிப்பட நிலையத்தில் எடுக்கப்பட்ட பவர்ஸின் படம் ஒன்று கிடைத்துள்ளது. அதில் அவர் அணிந்துள்ள மேலாடையிலும் விண்மீன் போன்ற ஒட்டுத்தையல் உருவங்கள் காணப்படுகின்றன. கணவர் பிரிந்த பின்னும் ஹாரியட் ஏதென்ஸ் பகுதியிலேயே வாழ்ந்தார். 1910ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று காலமானார். அவருடைய உடல் ஏதென்ஸ் நகரின் காஸ்பல் பில்கிரிம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அருங்காட்சியகங்களில்

ஜென்னி ஸ்மித் 1946ஆம் ஆண்டு இறக்கும்வரை விவிலியப் போர்வையைத் தம்மிடமே வைத்திருந்தார். அவருக்குப்பின் அது அவருடைய சொத்துப் பொறுப்பாளரிடம் சென்று, 1960களின் இறுதியில் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு நன்கொடையாக வழங்கப்பட்டது. படப் போர்வை ஹால் குடும்பத்தில் தங்கியிருந்தது. 1960ஆம் ஆண்டில் கலைப்பொருள் சேகரிப்பாளரான மேக்சிம் கரோலிக் அதை விலைக்கு வாங்கினார். அவருடைய சேகரிப்பின் வழியாக 1964ஆம் ஆண்டு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தை அது அடைந்தது.

1970கள் முதல் பவர்ஸ் பற்றிய ஆய்வுகள் வெளிவரத் தொடங்கின. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் கிளாடிஸ்-மேரி ஃபிரை 1976ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை இவற்றுள் முன்னோடியானது. மேற்கு ஆப்பிரிக்காவின் தகோமி நாட்டில் (இன்றைய பெனின்) ஃபோன் மக்கள் தைத்த ஒட்டுத்தையல் துணிகளுடன் பவர்ஸின் உருவங்களைப் பலர் ஒப்பிட்டுள்ளனர். இரண்டுக்குமிடையே தோற்ற ஒற்றுமை உண்டு. எனினும் நேரடித் தொடர்பை உறுதிப்படுத்தும் சான்று கிடைக்கவில்லை.

1992ஆம் ஆண்டு ஸ்மித்சோனியன் நிறுவனம், விவிலியப் போர்வை உள்ளிட்ட சில பழைய போர்வைகளின் நகல்களைச் சீனாவில் தயாரித்து விற்க உரிமம் அளித்தது. அமெரிக்கப் போர்வைக் கலைஞர்கள் இதைக் கடுமையாக எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடத்தினர். வறுமையால் விற்கப்பட்ட ஒரு படைப்பு மலிவான வணிகப் பொருளாக்கப்படுவது எதிர்ப்புக்கு ஒரு காரணம். உள்நாட்டுக் கலைஞர்களின் உழைப்பு மதிப்பிழக்கும் என்பது மற்றொரு காரணம்.

கடிதமும் கல்லறையும்

பவர்ஸ் எழுத்தறிவற்றவர் என்றும், விவிலியக் கதைகளைச் செவிவழியாகவே அறிந்தவர் என்றும் நீண்ட காலம் நம்பப்பட்டது. எழுத்தாளர் கைரா ஹிக்ஸ் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இக்கருத்தை மாற்றியது. லொரீன் டைவருக்குப் பவர்ஸ் எழுதிய 1896ஆம் ஆண்டுக் கடிதத்தின் செய்தியை அவர் கண்டறிந்து வெளியிட்டார். தாம் படிக்கக் கற்ற விதம், 1872ஆம் ஆண்டு 4050 சாய்சதுரத் துண்டுகளால் ஒரு போர்வை தைத்தது, இயேசுவின் இராவுணவைச் சித்தரிக்கும் வேறொரு போர்வை தைத்தது ஆகியவற்றைப் பவர்ஸ் அதில் விவரித்துள்ளார். அவர் குறைந்தது நான்கு போர்வைகளேனும் தைத்துள்ளார் என்பது இதனால் தெரியவந்தது. எஞ்சிய இரண்டைத் தவிர மற்றவை கிடைக்கவில்லை.

அவருடைய இறப்பு ஆண்டும் 1911 என்றே பல நூல்களில் குறிக்கப்பட்டிருந்தது. காஸ்பல் பில்கிரிம் கல்லறைத் தோட்டம் பல ஆண்டுகள் பராமரிப்பின்றிப் புதர் மண்டிக் கிடந்தது. 2005ஆம் ஆண்டு அங்கு பவர்ஸின் கல்லறைக் கல் கண்டெடுக்கப்பட்ட பின்னரே அவர் இறந்த நாள் உறுதியாயிற்று. அத்தோட்டம் 2006ஆம் ஆண்டு தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு பவர்ஸின் பெயர் ஜார்ஜியாவின் சாதனைப் பெண்கள் வரிசையில் இணைக்கப்பட்டது.

இரு போர்வைகளும் ஒரே இடத்தில்

2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அமெரிக்கப் போர்வைகளின் வரலாறு குறித்த ஒரு கண்காட்சியைத் தொடங்கியது. இதற்காக விவிலியப் போர்வை வாசிங்டனிலிருந்து பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டது. பவர்ஸ் தைத்த இரு போர்வைகளும் முதன்முறையாக அங்கு ஒருங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. படப் போர்வையைத் தைக்கத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே விவிலியப் போர்வை பவர்ஸின் கையை விட்டுப் போய்விட்டது. ஆதலால் அவருடைய வீட்டிலும் இவ்விரு போர்வைகளும் ஒருசேர இருந்ததில்லை என்பது குறிப்பிடத்தக்கது.